நவம்பர் 5ஆம் தேதிக் கேள்வி

எங்கள் பள்ளியில் தினமும் ஒரு நாள் கேள்வி உண்டு. அன்றைய தேதியோடு ஏதாவது ஒரு விதத்தில் தொடர்புள்ள கேள்வி. மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பழைய கரும்பலகையில் காலையிலேயே எழுதிப் போட்டுவிடுவேன். பிரேயரில் ஒரு பிள்ளை அதை உரக்க வாசிக்கும். பதிலைத் துண்டுத்தாளில் எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு, பலகைக்கு அடியில் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் மத்தியான மணிக்குள் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் விடை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இது. நான் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

நாள் கேள்வி புது விஷயம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் வாத்தியார் வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப்பில் ராத்திரியானால் ஒரு பிடிஎஃப் வந்து விழும்: மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கான தொகுப்பு. திருக்குறள், பழமொழி, பொன்மொழி, பொது அறிவு, நீதிக்கதை, இன்றைய செய்திகள், கூடவே அந்தத் தேதிக்குரிய தினம், அந்தத் தேதியில் பிறந்த ஒருவரின் படம். யாரோ சில ஆசிரியர்கள் காசு வாங்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்கிற வேலை அது. அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தொகுப்புகளில் கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில் வரும். ‘தேசிய அறிவியல் நாள் எப்போது?’ ‘பிப்ரவரி 28.’ ‘உலக ஓசோன் நாள்?’ ‘செப்டம்பர் 16.’ போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும் இதே பட்டியலை உருப்போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும், நல்ல விஷயம்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும்? பதிலைச் சொன்னதும் பேச்சு முடிந்துபோகிறது.

பேச்சு அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் அந்த நாள்? யார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, இதை மட்டும் பிடித்துக்கொண்டது எதற்காக?

பிப்ரவரி 28ஐயே எடுத்துக்கொள்ளலாம். ‘இன்று தேசிய அறிவியல் நாள். இது சர் சி.வி. ராமன் பிறந்த நாளா, நோபல் பரிசு வாங்கிய நாளா, வேறு ஏதாவதா?’ என்று எழுதிப் போட்டால் டின்னில் பாதிக்கு மேல் ‘பிறந்த நாள்’ என்றே விழும். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளியில் நாம் கொண்டாடுகிற நாட்களில் பல யாரோ ஒருவருடைய பிறந்த நாள்தான். ஆசிரியர் தினத்துக்கு ராதாகிருஷ்ணன், குழந்தைகள் தினத்துக்கு நேரு, கணித நாளுக்கு ராமானுஜன், கல்வி வளர்ச்சி நாளுக்குக் காமராஜர். ராமன் பிறந்ததோ நவம்பர் 7, 1888. நோபல் பரிசு 1930இல். பிப்ரவரி 28 என்பது, 1928ஆம் ஆண்டு கொல்கத்தா பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில், ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது என்பது உறுதிப்பட்ட நாள். மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி போனது. லீப் வருடம் என்பதால் அந்த மறுநாள் பிப்ரவரி 29. கூடவே இருந்து உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்காரர்.

இதைச் சொன்னதும் ஒரு பையன், “அன்னிக்கு என்னதான் டீச்சர் பண்ணாங்க?” என்றான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டுப் பால் விட்டு, ஜன்னலை எல்லாம் சாத்தி, டார்ச் அடித்துக் காட்டினோம். பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் லேசாக நீலம் பாய்ந்திருக்கும்; டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். ராமன் விளைவு இதில் தெரியாது, அதற்குக் கருவி வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். ஆனால் சிதறல் என்றால் என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ‘தேசிய அறிவியல் நாள் எப்போது?’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பாலுக்கும் டார்ச்சுக்கும் வேலையே இருந்திருக்காது.

பிறந்த நாள் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் தாத்தா, பாட்டி ஆதார் அட்டையில் என்ன பிறந்த தேதி இருக்கிறது? அது சரிதானா என்று அவர்களிடமே கேட்டு வாருங்கள்’ என்று ஒரு தடவை போட்டேன். ஜூன் மாதத் தேதிகளாக வந்து குவிந்தன. காரணம் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர், பையன் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடுகிறானா என்று பார்ப்பார். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. அதற்குத் தோதாக ஜூனை ஒட்டி ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். வீட்டில் நினைவிருப்பதெல்லாம் ‘ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம்’, ‘பெரிய புயல் அடிச்ச வருஷம்’ என்பதுதான். ஒரு தேதியை யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு அன்றைக்கு வீட்டிலேயே புரிந்தது.

அரசுகளும் அப்படித்தான் தீர்மானிக்கின்றன. அதில் தவறில்லை, யார் தீர்மானித்தது என்பது தெரிந்திருந்தால் போதும். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்த நாள். அதை ‘உலக மாணவர் தினம்’ என்று ஐ.நா. அறிவித்ததாக வருடாவருடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பாடக் குறிப்புகளிலும் பேச்சுப் போட்டிகளிலும் அப்படியே ஏறிவிட்டது. ஐ.நா.வின் அனுசரிப்பு நாட்கள் பட்டியலில் அப்படி ஒரு நாள் கிடையாது. அக்டோபர் 15க்கு அங்கே இருப்பது கிராமப்புறப் பெண்களுக்கான சர்வதேச நாள். தமிழ்நாடு அரசு 2015இல் கலாம் மறைந்தவுடன் அவர் பிறந்த நாளை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது, அது உண்மை. ராமேஸ்வரத்திலிருந்து போன அந்த மனிதருக்குப் பெருமை சேர்க்க இல்லாத ஐ.நா. அறிவிப்பு எதற்கு? பிள்ளைகள் அவரை உயிராக நேசிக்கிறார்கள். அந்த நேசத்தின் மேல் பொய்யை ஏற்றி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் அக்டோபர் 15 அன்று இரண்டு அறிவிப்புகளையும் பலகையில் எழுதி, ‘இதில் எது மெய், எப்படிக் கண்டுபிடிப்பாய்?’ என்பதையே கேள்வியாக வைக்கிறேன். பதிலைவிட, எங்கே போய்ப் பார்த்தாய் என்று எழுதச் சொல்வதில்தான் எனக்கு அக்கறை.

தமிழ்நாடு நாள் இன்னொரு நல்ல கேள்வி. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தது 1956 நவம்பர் 1. அதற்கு இரண்டரை வாரம் முன்னால், அக்டோபர் 13 அன்று, பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் உயிரை விட்டிருந்தார். சட்டமன்றத்தில் அண்ணா முதல்வராக இருந்தபோது ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்கான தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ஓர் அரசு நவம்பர் 1ஐக் கொண்டாடியது, அடுத்த அரசு ஜூலை 18ஐ எடுத்துக்கொண்டது. நிலத்துக்குப் பிறந்த நாளா, பெயருக்குப் பிறந்த நாளா? பத்தாம் வகுப்பில் இதை வைத்து ஒரு பீரியட் முழுக்கச் சண்டை போட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

நவம்பர் 14க்கு நான் போட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. ‘குழந்தைகள் தினமும் உலக நீரிழிவு நாளும் ஒரே தேதியில் வருவது ஏன்?’ ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழகாக மார்ஜின் போட்டு எழுதியிருந்தாள்: ‘நேரு மாமாவுக்கு சுகர் இருந்திருக்கும்.’ யோசித்திருக்கிறாள், அது போதும். விஷயம் வேறு. இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பான்டிங், கனடாக்காரர், 1891 நவம்பர் 14 அன்று பிறந்தார். நேரு 1889 நவம்பர் 14. இரண்டு பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தேதி தற்செயலாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் தற்செயல் என்று விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டொராண்டோவில் 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட நோயாளி லியோனார்ட் தாம்சன் என்ற பையன். வயது பதினான்கு, எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வயது. அதற்கு முன்னால் அந்த வயதில் சர்க்கரை நோய் வந்தால் பட்டினி போட்டு நாளைத் தள்ளுவதைத் தவிர வைத்தியர்களிடம் வழி இல்லை. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டதும் பையன் தேறினான். இதைச் சொல்லி முடித்தபோது பின்பெஞ்சில் இருந்த ஒருவன் எழுந்து, தன் தங்கைக்குத் தினமும் அம்மா ஊசி போடுவதாகச் சொன்னான். அதுவரை வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. அந்த வருடம் குழந்தைகள் தினத்தில் மாறுவேடப் போட்டிக்கு நடுவில் பான்டிங்கைப் பற்றியும் ஒரு பிள்ளை பேசியது.

சில தேதிகள் ஒரே தேதியாக நிற்பதில்லை. செப்டம்பர் 11 பாரதியார் நினைவு நாள். தமிழ்நாடு அரசு 2021இல், நூற்றாண்டின்போது, அதை மகாகவி நாளாக அறிவித்தது. திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்ததோ நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் என்கிறார்கள். கடிகாரக் கணக்கில் அது 12ஆம் தேதி. விடிந்தால்தான் மறுநாள் என்கிற நம் பழைய கணக்கில் 11ஆம் தேதி ராத்திரி. நினைவு நாளை 12 என்று வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

இதைப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது? ‘ராத்திரி இரண்டு மணிக்கு உன் அப்பா கடலுக்குப் போகிறார். மறுநாள் பள்ளியில் கேட்டால், நேற்று ராத்திரி போனார் என்பாயா, இன்று காலையில் போனார் என்பாயா?’ டின் நிரம்பி வழிந்தது. ‘நேத்து ராத்திரி’ கட்சியும் ‘இன்னிக்கு விடிகாலை’ கட்சியும் ஏறக்குறைய சரிபாதி. ஒரு பெண் மட்டும், ‘படகு எறக்குறது நேத்து, வலை போடுறது இன்னிக்கு’ என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகுதான் பாரதியார் கதைக்கு வந்தேன். இரண்டு தேதிக்கும் காரணம் உண்டு என்பதை அவர்களே சொன்னார்கள்.

நிலவில் இறங்கிய நாளும் இப்படித்தான். எல்லாப் புத்தகத்திலும் 1969 ஜூலை 20 என்று இருக்கும். ஈகிள் என்ற இறங்குகலம் தரையைத் தொட்டது கிரீன்விச் நேரப்படி ராத்திரி 8.17க்கு. நம் ஊரில் அப்போது ஜூலை 21, விடியற்காலை 1.47. ஆர்ம்ஸ்ட்ராங் காலை வைத்தபோது இங்கே காலை 8.26, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற நேரம். ஜூலை 20 என்பது அமெரிக்கக் கடிகாரம் சொல்வது. எட்டாம் வகுப்புக்கு நேர மண்டலம் நடத்த இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னும் விசித்திரமான கதை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள் 1746 செப்டம்பர் 21 என்று ஒரு புத்தகம் சொல்லும், செப்டம்பர் 10 என்று இன்னொன்று சொல்லும். இரண்டுமே சரி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளைச் செப்டம்பர் 14 என்று வைத்து அவர்கள் ஒருவழியாகச் சேர்ந்துகொண்டார்கள். அதுவரை பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக் கோட்டைக்கும் ஆங்கிலேயர்களின் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கும் நடுவே பதினோரு நாள் வித்தியாசம். இன்றைக்கு டவுன் பஸ்ஸில் போய்விடுகிற தூரம். புதுச்சேரியில் உட்கார்ந்து தினமும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழ் மாதம், தமிழ்த் தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்துப் போட்டார். எவ்வளவு சரியான பழக்கம் என்று நாள் கேள்வி தயாரிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் 8க்குப் பின்னாலும் இதே நாட்காட்டிச் சிக்கல்தான். 1917இல் பெத்ரோகிராட் நகரத்துப் பஞ்சாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலைநிறுத்தம் செய்தது ரஷ்யப் பழைய கணக்கில் பிப்ரவரி 23, மற்ற நாடுகளுக்கு மார்ச் 8. அதனால்தான் ‘பிப்ரவரிப் புரட்சி’யின் முதல் நாள் மார்ச்சில் வருகிறது. மகளிர் தினத்துக்குக் கோலப் போட்டி வைப்பதற்கு முன் இந்த ரொட்டிக் கதையைச் சொல்லிவிடுவேன்.

இப்போது நவம்பர் 5. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

‘இன்று உலக சுனாமி விழிப்புணர்வு நாள். ஏன் இன்று?’ என்று பலகையில் எழுதிய காலையில், பிரேயருக்கு முன்பே ஆறேழு பேர் வந்து நின்றுவிட்டார்கள். “டீச்சர், டிசம்பர் 26 தானே? மாத்தி எழுதிட்டீங்க.” எங்கள் ஊரில் அந்தத் தேதியைக் கைக்குழந்தைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகள் யாரும் 2004இல் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது, சில வீடுகளில் பள்ளிச் சீருடையில் எடுத்த படம். நினைவுநாள் அன்று கடற்கரைக்குப் போய்ப் பால் ஊற்றி, பூப் போட்டுவிட்டு வருவார்கள். உலகமே இதற்கு ஒரு நாள் வைத்திருக்கிறது, அது நம் நாள் இல்லை என்றதும் சில பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் அடக்கப் பார்க்கவில்லை. ‘நியாயம்தான். அப்படியென்றால் நவம்பர் 5இல் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு சண்டை போடலாம்’ என்றேன்.

ஜப்பானில், இன்றைய வாகயாமா மாகாணத்துக் கடலோரத்தில், ஹிரோ என்று ஒரு கிராமம். 1854இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது, அதன் பின்னாலேயே கடல் ஏறி வந்தது. பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டிருக்கும் நேரம். ஜனங்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. அந்த ஊரில் ஹமாகுச்சி கோரியோ என்று ஒருவர், சோயா சாஸ் வியாபாரம் செய்து வந்த வசதியான குடும்பம். வயலில் அறுத்துக் குவித்திருந்த போர்களுக்கு அவர் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மேட்டுக்கு ஏறித் தப்பித்தார்கள். ஐ.நா. 2015 டிசம்பரில் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான்: செத்தவர்களை எண்ணிப் பார்த்து வைத்த நாள் இல்லை, ஒருவர் முன்கூட்டி யோசித்ததால் மற்றவர்கள் பிழைத்த நாள்.

கோரியோ அதோடு நிற்கவில்லை. வீடும் தொழிலும் போய், ஊரை விட்டே கிளம்பப் பார்த்தவர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, தன் கைக்காசைப் போட்டுக் கடலோரம் ஒரு கரை எழுப்பினார். ஐந்து மீட்டர் உயரம், அறுநூறு மீட்டர் நீளம், கிட்டத்தட்ட நான்கு வருட வேலை. அது முடிந்து அவரும் போய்ச் சேர்ந்து வெகுநாள் கழித்து, 1946 டிசம்பரில் அதே கடலில் மறுபடியும் சுனாமி வந்தபோது, அந்தக் கரைதான் ஊரின் பெரும்பகுதியைக் காப்பாற்றியது. இந்த இடத்தில் ஒருவன் கேட்டான்: “அவருக்குத் தெரியுமா டீச்சர், அது காப்பாத்துச்சுன்னு?” தெரியாது. 1885இலேயே இறந்துவிட்டார்.

இதற்குள்ளேயே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அதை மறுநாள் வரை வைத்திருந்து அவிழ்த்தேன். ஜப்பான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது 1873இல். 1854இல் அவர்களிடம் இருந்தது சந்திரனையும் சூரியனையும் சேர்த்துப் பார்க்கும் பழைய கணக்கு. ஹிரோ கிராமத்தில் கடல் ஏறியது அந்தக் கணக்கில் பதினோராம் மாதம் ஐந்தாம் நாள். அதை அப்படியே எடுத்து ‘நவம்பர் 5’ ஆக்கிவிட்டார்கள். இன்றைய நாட்காட்டியில் அந்த நாள் எது தெரியுமா? 1854 டிசம்பர் 24.

கரும்பலகையில் இரண்டு தேதியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். 1854 டிசம்பர் 24. 2004 டிசம்பர் 26. நூற்றைம்பது வருடமும் இரண்டு நாளும். இதில் மாயம் மந்திரம் எதுவும் இல்லை, பூமிக்கு அடியில் இருக்கும் தட்டுகளுக்குக் கிறிஸ்துமஸ் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஆனால் கோபமாக இருந்த பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்த்தேன். ‘அவங்களுக்கும் அதே வாரம்தானா’ என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அன்றைக்கு வீட்டுப் பாடம்: ‘2004 டிசம்பர் 26 என்பதைத் தேதி சொல்லாமல் உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?’ பேசப் பிடிக்காத வீடுகளில் கேட்க வேண்டாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினேன். இழப்பைத் தோண்டுகிற கேள்வியை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்ப எனக்கு உரிமை இல்லை. தேதியை அவர்கள் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும், அதுவும் அவர்கள் இஷ்டப்பட்டால். வந்த பதில்களில் பல ஒரே மாதிரி இருந்தன: ‘கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, பௌர்ணமி.’ ஒரு தாத்தா, மார்கழி 11 என்று தமிழ்த் தேதியே சொல்லி அனுப்பியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து, அன்றைக்குக் காலையில் கரையில் நின்றுகொண்டிருந்த வெளியூர்க்காரர்களைப் பற்றி ஒரு பாட்டி சொன்னதைப் பேத்தி அப்படியே எழுதி வந்தாள். பௌர்ணமி என்பதைப் பழைய தினசரிக் காலண்டரின் கணக்கை வைத்துச் சரிபார்த்தோம். சரியாக இருந்தது. இலங்கையில் அன்று போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கமும் ஜனங்கள் அதே பௌர்ணமியை வைத்துத்தான் அந்த நாளைச் சொல்கிறார்கள்.

நவம்பர் 5ஐ நான் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சாதாரணமான காரணம் ஒன்றும் உண்டு. டிசம்பர் 26 எங்களுக்கு அரையாண்டு விடுமுறையில் வருகிறது. அன்றைக்குப் பள்ளியும் இல்லை, பலகையும் இல்லை, டின்னும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் ஓரிடத்தில் இருக்கும்போது கடலைப் பற்றிப் பேச எனக்குக் கிடைப்பது நவம்பர்தான். அதுவும் மழைக்கு ஆட்சியர் விடுமுறை விடாமல் இருந்தால். சில வருடம் நவம்பர் 5 மழையில் போய்விடும். வேறு நாளில் வைத்துக்கொள்வேன். விடை சொன்ன பிறகு, எங்கள் தெருவிலிருந்து புயல் பாதுகாப்பு மையத்துக்கு எந்த வழியாகப் போவது, கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் யார் அழைத்துப் போவது என்பதைப் பிள்ளைகளே படம் போட்டுக் காட்டுவார்கள். ஆறாம் வகுப்புக்காரர்கள் வரைந்த படத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையும் அடையாளமாக இருந்தது. இருட்டில் அதன் வாசனையை வைத்தே வழி தெரியுமாம்.

இந்த வருடத்துக்கு இரண்டு நாள் கேள்வியாகப் போட வைத்திருக்கிறேன். முதல் நாள்: ‘2004இல் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு. நம் கரையில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இருந்த நேரத்தில் யார் யாருக்குச் சொல்லியிருக்கலாம், எதன் வழியாக?’ அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை மையமே கிடையாது. ஹைதராபாத்தில் இருக்கும் மையம் 2007 அக்டோபரில்தான் செயல்படத் தொடங்கியது. இரண்டாம் நாள் கேள்வி அந்த மையத்தைப் பற்றியது: ‘அங்கிருந்து எச்சரிக்கை கிளம்பினால், அது உன் வீட்டுக்கு வந்து சேரும் வரை எத்தனை பேர் கை மாறுகிறது? ஒவ்வொருவர் பெயரையும், பதவியையும் எழுது.’ இதற்கான விடையைத் தேடிக் கிராம நிர்வாக அலுவலரிடமும் பஞ்சாயத்தாரிடமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் பேசி வைத்திருக்கிறேன். பேருந்து தேவையில்லை, நடந்தே போய்விடலாம்.